நாலுக்குப் பின்னால் ஒரு சி

சுபாங் ஜெயாவில், விமானத்தில் வரும் பூவையும் காய்கறியையும் வைக்கும் குளிர்க்கிடங்கில் வேலை செய்கிறேன். பெட்டிக்குள் வெப்பமானிக் கம்பியைச் செருகி, எத்தனை டிகிரி என்று பார்த்துக் குறிப்பது என் வேலை. முன்பு தாளில் எழுதினேன். போன வருடம் டேப்லெட் கொடுத்தார்கள். எட்டு டிகிரியோ அதற்குக் கீழோ இருந்தால் அதுவே அனுமதிச் சீட்டை அடித்துத் தரும். இல்லையென்றால் திரை சிவக்கும். சீட்டு இல்லாமல் காவலாளி கேட்டைத் திறக்கமாட்டார். எப்படிப் பயன்படுத்துவது என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொடுத்தபோது நான் கடைசி வரிசையில் நின்றேன். புரியாததை யாரிடமும் கேட்கவில்லை.

முதல் நாளே பிரிக்பீல்ட்ஸில் பூக்கடை வைத்திருக்கும் அக்கா வேனோடு வந்துவிட்டார். மாலையில் ஒரு கல்யாணம். மூன்று மணிக்குள் மல்லிகை கைக்கு வந்தால்தான் மாலை கட்டி முடிக்க முடியும். கம்பி நாலு காட்டியது. குறித்தேன். திரை சிவந்தது.

உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். நல்லவேளை, தமிழ்ப் பெண்தான் எடுத்தார். "அங்கிள், ஸ்கிரீன்ல இருக்கிற பாக்ஸ்ல நம்பர் மட்டும்தானே போட்டீங்க?" என்று கேட்டார். ஆமாம்மா, நம்பர்தான் என்றேன். பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நினைத்தேன். அவர் கம்பியைச் சந்தேகப்பட்டார், பிறகு இணைய இணைப்பை, பிறகு டேப்லெட்டை. அணைத்துப் போடச் சொன்னார். போட்டேன். சிவப்பு மாறவில்லை.

குளிர் அறை வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் திரைச்சீலைக்கு அந்தப் பக்கம் மல்லிகைப் பெட்டிகள் தெரிந்தன.

"அண்ணே, எனக்குப் பூ கண்ணுக்குத் தெரியுது, மூக்குக்கும் தெரியுது. உங்க மிஷினுக்கு மட்டும் தெரியலையா?" என்றார் அக்கா.

இரண்டரை மணிக்குப் போனில் இருந்த பெண், தட்டியதை ஒவ்வொன்றாக வாசிக்கச் சொன்னார். நாலு, பிறகு செல்சியஸுக்கு ஒரு சி என்றேன்.

அப்போதுதான் அவருக்கு விளங்கியது. "அங்கிள், சி போட்டா அது நம்பர் இல்லைலா, எழுத்தாயிடும். எழுத்தை எட்டோட ஒப்பிட அதுக்குத் தெரியாது. தெரியலைன்னா நிறுத்திடும்."

நான் படித்தது ஆறாம் வகுப்புவரை. அங்கே வெறும் எண்ணை எழுதினால் வாத்தியார் பிரம்பை எடுப்பார். நாலு என்னடா, நாலு மாடா, நாலு மாங்காயா என்பார். அன்றிலிருந்து எந்த எண்ணையும் நான் தனியாக விட்டதில்லை.

சியை அழிக்கப் பார்த்தேன். பதிந்ததை நான் மாற்ற முடியாதாம், மேலதிகாரிதான் மாற்ற வேண்டுமாம். அவர் கிள்ளானிலிருந்து வந்துகொண்டிருந்தார், நெரிசலில் மாட்டியிருந்தார். அக்கா மூன்றே கால்வரை நின்றார். பிறகு வெறும் வேனோடு கிளம்பினார்.

நாலரைக்குச் சீட்டு வந்தது. அக்காவுக்குப் போன் செய்தேன்.

"இனிமே எதுக்குண்ணே? வேற கடையில சாமந்தி வாங்கிக் கட்டிக்கிட்டு இருக்கேன். கல்யாணப் பொண்ணு மல்லிகைதான் கேட்டுச்சு. நீங்க என்ன செய்வீங்க, பாழாப்போன மிஷின்."

சி போட்டது நான்தான் என்று சொல்லியிருக்கலாம். ம் என்றேன்.

இப்போதும் வாரம் ஒருமுறை வருகிறார். சீட்டு வரும்வரை டேப்லெட்டை முறைத்துக்கொண்டே நிற்பார். "இன்னைக்காவது ஒழுங்கா வேலை செய்யுதா இது?" என்பார். நான் நாலை மட்டும் தட்டிவிட்டுத் தலையாட்டுகிறேன்.