நாவக்குட்டைக் கட்டடம்

எங்கள் கல்லூரியின் மூன்றாவது கட்டடத்துக்கு அப்போது சி பிளாக் என்றுதான் பெயர். கட்டி முடித்த பிறகு வந்த முதல் பெருமழைக்கே அதன் தரைத்தளத்தில் தண்ணீர் புகுந்துவிட்டது. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கிய வெள்ளம் மற்ற இரண்டு கட்டடங்களையும் தொடவில்லை. அவற்றைச் சுற்றிக்கொண்டு வந்து, வழி தெரிந்த மாதிரி நேராக இதற்குள் நுழைந்தது. தாவரவியல் ஆய்வகம் அங்கேதான் இருந்தது. நான் தாவரவியல் ஆசிரியை. மாணவிகளோடு சேர்ந்து நுண்ணோக்கிகளை மாடிக்குத் தூக்கிப் போனேன்.

மறுநாள் திருப்பத்தூரிலிருந்து பொறியாளர் ஒருவர் வந்தார். கால்வாய் எங்கோ அடைத்துக்கொண்டிருக்கிறது என்று மதில் ஓரமாக நடந்து நடந்து தேடினார். அடைப்பு எதுவும் இல்லை, இந்த இடமே ஒரு குட்டைதான் என்று அவரிடம் சொன்னேன். அவர் நம்பவில்லை. வரைபடத்தில் அப்படி ஒன்றும் இல்லை என்றார்.

நான் பிறந்த ஊர் கல்லூரி மதிலுக்கு அந்தப் பக்கம்தான் இருக்கிறது. சி பிளாக் நிற்கும் இடத்தில், கரையெல்லாம் நாவல் மரங்களோடு நாவக்குட்டை இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நாக்கு ஊதா நிறமாகும்வரை பழம் தின்றுவிட்டு, அதன் படியில் இறங்கி வாய் கொப்பளித்துவிட்டுத்தான் வூட்டுக்குப் போவோம். ஒடுகத்தூர் பஸ்ஸில் ஏறி "நாவக்குட்டை ஒண்ணு" என்றால் கண்டக்டர் டிக்கெட் கிழிப்பார். கல்லூரி வந்ததும் மரங்களை வெட்டினார்கள். குட்டையில் செம்மண் கொட்டி மூடினார்கள். நிறுத்தத்தின் பெயர் காலேஜ் கேட் ஆனது. வேலை கிடைத்து நான் இங்கே திரும்பி வந்தபோது, என் மாணவர்களில் ஒருவருக்குக்கூடப் பழைய பெயர் தெரியவில்லை.

அந்த மழைக்குச் சில மாதங்கள் கழித்து, கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வரப்போகிறது என்று முதல்வர் அறிவித்தார். கட்டடங்களை ஏ, பி, சி என்று அழைப்பது நன்றாக இல்லை, நல்ல பெயர்களாக வையுங்கள் என்று எங்களில் சிலரைக் கூட்டி உட்கார வைத்தார். அவர் வெளியூர்க்காரர், நிதானமான மனிதர். ஆற்றுப் பெயர்கள் வைக்கலாம் என்று யாரோ சொன்னதும் எல்லோருக்கும் பிடித்துவிட்டது. காவிரி, பாலாறு, வைகை என்று முடிவாகிக்கொண்டிருந்தபோது, மூன்றாவது கட்டடத்துக்கு நாவக்குட்டை என்று பெயர் வைக்க வேண்டும் என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். முதல்வரும் சிரித்தார்.

"குட்டை பிளாக்னு வெச்சா பசங்க சும்மா இருப்பாங்களா மேடம்? அதுல படிக்கிற பொண்ணுங்களையெல்லாம் குட்டை, குட்டைன்னுதான் கூப்பிடுவாங்க."

கூப்பிடட்டும் என்றேன். வைகை இங்கே ஓடவில்லை, அந்தப் பெயரால் இந்த இடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. நாவக்குட்டை என்று யாராவது எழுதி வைத்திருந்தால் பொறியாளர் மதில் ஓரமாக அலைந்திருக்க மாட்டார். ஆய்வகத்தையும் கீழே வைத்திருக்க மாட்டார்கள். வரிசையாகச் சொன்னேன். மேசையைச் சுற்றி இருந்தவர்கள் மெல்ல என் பக்கம் வருவது தெரிந்தது. அப்போதுதான் பொருளியல் ஆசிரியர் வாயைத் திறந்தார்.

"அந்தப் பேரு வேணாம்."

அவர் என் ஊர்க்காரர். எங்கள் ஊரின் காலனியில் பிறந்தவர். பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு மேலே படித்தார். ஆதரிக்க ஒருவர் கட்டாயம் உண்டு என்றால் அது அவர்தான் என்று நினைத்திருந்தேன். காரணத்தை அங்கே சொல்லவில்லை. கூட்டம் முடிந்து வராந்தாவில் நடக்கும்போது சொன்னார்.

"உங்களுக்கு அது நாவப்பழம் மேடம். எங்க அம்மாவுக்கு அது வேற. படி இருந்தது உங்க பக்கம். எங்களுக்கு எருமை எறங்குற எடம். உங்க ஆளுங்க பாத்துட்டா அங்கயும் மொள்ள முடியாது, கொடத்தோட நிக்கணும். அந்தப் பேர தெனமும் வாசல்ல பாத்துட்டு நான் கிளாஸுக்குப் போகணுமா?"

மேற்குக் கரையில் பெண்கள் குடத்தோடு நிற்பதை நானும் பார்த்திருக்கிறேன். ஏன் நிற்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. மரம் நிற்பதைப் போல அதுவும் அங்கே இருந்தது. அன்று வூட்டுக்குப் போய், இந்த யோசனையை விட்டுவிடலாம் என்றுதான் நினைத்தேன். காவிரி, பாலாறு, வைகை. யாருக்கும் வலிக்காது. ஆனால் யோசிக்க யோசிக்க அதுதான் எனக்கு உறுத்தியது. யாருக்கும் வலிக்காத பெயரை வைத்துவிட்டால், நடந்தது எதுவும் நடக்கவே இல்லை என்று ஆகிவிடும். செம்மண் கொட்டி ஒரு தடவை மூடியாயிற்று. பெயரை வைத்து இன்னொரு தடவை மூட வேண்டுமா?

அந்த வாரமே பொருளியல் துறைக்குப் போய் அவர் எதிரே உட்கார்ந்தேன். பெயரை விட்டுவிட்டால் படி மட்டுமல்ல, மேற்குக் கரையும் சேர்ந்து போய்விடும் என்றேன். அவர் திருத்திக்கொண்டிருந்த விடைத்தாள்களை அடுக்கி ஓரமாக வைத்தார்.

"வெக்கலாம்," என்றார். "ஆனா வெறும் பேரு வேணாம். கல்லு வெச்சு ரெண்டு கரையையும் எழுதணும். ஒரு கரைய மட்டும் எழுதினா மொத ஆளா நான்தான் எதுத்து நிப்பேன்."

சரி என்றேன். மதிய உணவு வேளைகளில் இருவரும் உட்கார்ந்து எழுதினோம். நான் எழுதியதை அவர் அடிப்பார். "சிலருக்குத் தண்ணீர் மறுக்கப்பட்டது" என்று ஒரு நாள் எழுதியிருந்தேன். யார் அந்தச் சிலர், யார் மறுத்தது, தண்ணீர் தானாகவே மறுத்துக்கொண்டதா என்று கேட்டார். அவர் எழுதியதில் கோபம் மட்டும் இருந்த வரிகளை நான் அடித்தேன். கடைசியில் நின்றது இதுதான்:

"இங்கே நாவக்குட்டை இருந்தது. கிழக்குக் கரைப் படியில் இறங்கி ஊர்க்காரர்கள் தண்ணீர் எடுத்தார்கள். காலனி மக்களை அந்தப் படியில் இறங்க அவர்கள் விடவில்லை. மேற்குக் கரையில், எருமைகள் இறங்கும் இடத்தில், காலனிப் பெண்கள் காத்து நின்று மொண்டார்கள். குட்டையை மூடி இந்தக் கட்டடம் கட்டப்பட்டது. மழைத் தண்ணீர் இன்னும் இந்த வழியாகத்தான் வருகிறது."

முதல்வர் இரண்டு முறை படித்தார். வம்பு வருமே மேடம் என்றார். மறுக்கவில்லை, ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டார். ஒவ்வொரு திங்கட்கிழமையும் நாங்கள் இருவரும் அவர் அறைக்குப் போய்க் கேட்டோம். காவிரி, பாலாறு பலகைகள் தயாராகி வந்து சுவரில் ஏறிவிட்டன. மூன்றாவது பலகையை எழுத வேண்டாம் என்று மட்டும் நிறுத்தி வைத்திருந்தோம்.

விஷயம் எப்படியோ ஊருக்குள் போய்விட்டது. வம்பு என் வூட்டிலிருந்தே வந்தது. என் அண்ணன் பெற்றோர் சங்கத்தில் இருக்கிறவர்; ஊரில் நாலு பேர் மதிக்கிற விவசாயி. இன்னும் இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு ஒருநாள் முதல்வரைப் பார்க்க வந்துவிட்டார். முதல்வர் எங்கள் இருவரையும் அழைத்தார். நாங்கள் உள்ளே போனபோது அண்ணன் என்னைப் பார்க்காமல் சுவர்க் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் மானத்தைக் கல்லில் வெட்டி வைக்கப் பார்க்கிறார்கள், இப்போது யார் அப்படி இருக்கிறார்கள், எல்லோரும் ஒரே டேங்க் தண்ணீரைத்தான் குடிக்கிறோம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். முதல்வர் எல்லாவற்றையும் கேட்டார். பிறகு தாளை எடுத்து, எங்கள் வாசகத்தை மெதுவாக, உரக்கப் படித்தார். படித்துவிட்டு என் அண்ணனிடம் கேட்டார்.

"இதுல எதுனா பொய் இருக்குதுங்களா?"

பொருளியல் ஆசிரியர் அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பொய் இல்லீங்க," என்றார் அண்ணன். "ஆனா எழுதணுமா?" அதற்குப் பிறகுதான் என் பக்கம் திரும்பினார். "இன்னாத்துக்கும்மா இதெல்லாம்? ஒனக்கு அதுல இன்னா வருது?"

"எழுதலேன்னா, நாளைக்கு வர்றவங்க இங்க குட்டையே இல்லேன்னு சொல்வாங்கண்ணா. இப்பவே மேப்புல இல்லேன்னு சொல்லிட்டாங்க. நம்ம தாத்தா வெட்டின படியும் அதோட போய்டும். எனக்கு ரெண்டும் வேணும்."

அண்ணன் எழுந்து, முதல்வருக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டுப் போனார். முதல்வர் தாளில் கையெழுத்திட்டு என்னிடம் நீட்டினார். பொய் இருக்கிறது என்று அண்ணன் சொல்லியிருந்தால் நிறுத்தியிருப்பேன் என்றார்.

கல்லை மேற்கு வாசலில் பதித்தோம். அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தவர் பொருளியல் ஆசிரியர். திறக்கும் நாளில் தன் அம்மாவைக் கூட்டி வரப்போய், தனியாகத் திரும்பி வந்தார். அங்கே வந்து நான் இன்னா பண்ணப்போறேன், பாத்த எடம்தானே என்று அம்மா சொல்லிவிட்டாராம். நாங்கள் கேட்டபடி, தண்ணீர் கட்டடத்துக்குள் வராமல் பின்புறமாகப் போக ஒரு வாய்க்கால் வெட்டினார்கள். ஆய்வகம் மாடிக்குப் போனது. மாணவர்கள் முதல் மாதம் முழுக்க முதல்வர் சொன்னபடியே கேலி செய்தார்கள். அப்புறம் அது வெறும் பெயராகிவிட்டது. "நாவக்குட்டைல கிளாஸ்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். கல்லின் முன் நின்று படிப்பவர்களும் உண்டு, அதில் சாய்ந்துகொண்டு செல்போன் பார்ப்பவர்களும் உண்டு. அண்ணன் அந்தப் பொங்கலுக்கு என்னைக் கூப்பிடவில்லை. அண்ணிதான் பாத்திரத்தில் பொங்கலோடு வந்தார். அடுத்த வருஷம் அண்ணனே வந்தார். கல்லைப் பற்றி நாங்கள் இதுவரை பேசவில்லை.

போன மாதம் ஜவ்வாது மலைமேல் இருக்கும் புதூர்நாட்டிலிருந்து வந்து படிக்கும் மாணவிகள் சிலர் என்னிடம் வந்தார்கள். காவிரிக் கட்டடத்துக்குப் பக்கத்தில் புதிதாக எழும் விடுதியில் தங்கப்போவது பெரும்பாலும் மலைப் பெண்கள்தான். அதற்கு ஏன் மலையின் பெயர் ஒன்று வைக்கக் கூடாது என்று கேட்டார்கள். எந்தப் பெயர் என்று கேட்டேன். ஒருத்தி ஓர் ஊற்றின் பெயரைச் சொன்னாள். இன்னொருத்தி உடனே மறுத்து, தங்கள் ஊர்ப் பாதையின் பெயரைச் சொன்னாள். ஜீப் வராத காலத்தில் பிரசவ வலி கண்டவர்களைத் தூளியில் கட்டி அந்த வழியாகத்தான் இறக்கினார்களாம். அதில் செத்தவர்களும் இருக்கிறார்கள், அந்தப் பெயர் எதற்கு என்று மூன்றாவது பெண் சண்டைக்கு வந்தாள். நான் பொருளியல் ஆசிரியரைக் கூப்பிட்டனுப்பினேன். அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, முதலிலிருந்து சொல்லச் சொன்னார்.