மிஸ் இனாபினெட் வீட்டுக்கு அடியில்

இது நடந்தது. நம்பாதவர்கள் டெல்வினிடமே போய்க் கேட்கலாம். ஆனால் அவன் சொல்ல மாட்டான். 'அந்த வீடு' என்று ஆரம்பித்தாலே எழுந்து போய்விடுவான். ஒரே ஒரு முறைதான் முழுசாகச் சொன்னான். அன்று எதிரில் உட்கார்ந்து கேட்டவன் நான்.

டெல்வினும் அவன் மனைவி ஜெனெலின் அண்ணன் ராய்ஸும் சவுத் கரோலினா கடலோரத்தில் ஒன்பது வருஷமாக ஒன்றாக வேலை செய்தவர்கள். அங்கே பழைய வீடுகள் மண்ணில் நேராக உட்காருவதில்லை. தாழ்வான செங்கல் சுவர், அதன் மேல் மரத்தரை. தரைக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு ஆள் தவழ்ந்துதான் போக முடியும். சதுப்பு நிலத்தின் ஈரம் அந்த இடுக்கில் ஏறினால் பூஞ்சை பிடிக்கும், மரம் மட்கும், தரை தொய்யும். அதற்குத்தான் இவர்களைக் கூப்பிடுவார்கள். மண்மேல் கனத்த வெள்ளை பிளாஸ்டிக் விரித்து, சுவரோடு சேர்த்து ஒட்டி, காற்றுத் துளைகளைத் தெர்மாகோல் பலகையால் அடைத்து, உள்ளே நுழையும் சின்னக் கதவைத் திருகாணி போட்டு மூடிவிட்டு வருவார்கள்.

மிஸ் இனாபினெட் தனியாக வாழும் வயதான அம்மாள். வீடு தேவாலயத்துக்குப் பக்கத்தில். "ஈரம் தாங்கலை தம்பி. ஒரு பொட்டு இடைவெளி இல்லாம அடைச்சுக் குடுங்க" என்றார். ஆகஸ்ட் மாதம். வெளியே உச்சி வெயில். உள்ளே கும்மிருட்டு.

அன்று காலை வண்டியில் வரும்போதே இருவருக்கும் சண்டை. சார்ல்ஸ்டனில் ஒரு பெரிய கம்பெனிக்கு ராய்ஸ் வேலைக்குப் போகப்போகிறான். அதை அவன் சொல்லவில்லை. முடிவெட்டும் கடையில் யாரோ சொல்லித்தான் டெல்வினுக்குத் தெரிந்தது.

"ஊருக்கே தெரிஞ்சிருக்கு மச்சான். எனக்கு மட்டும் சொல்லலை."

"சொன்னா நீ இப்படித்தான் மூஞ்சத் தூக்குவேன்னு தெரியும் மாப்ள."

"போ. ஏசி ரூம்ல உக்காந்து என்னை மாதிரி பத்து பேரைத் தவழ விடு."

அதற்கப்புறம் இருவரும் பேசிக்கொள்ளவில்லை. வெள்ளை முழு அங்கி, தலைமூடி, முகமூடி எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். மதியத்துக்குள் விரிப்பு முடிந்தது. தெர்மாகோல் பலகை எடுக்க ராய்ஸ் வெளியே போனான். டெல்வின் படுத்தபடி டேப் ஒட்டிக்கொண்டிருந்தான். டேப்பை இழுக்கும்போது வரும் 'க்ர்ர்ர்' சத்தம் மட்டும்தான் அங்கே.

சற்றுக் கழித்து எதிர் மூலையிலும் அதே சத்தம்.

க்ர்ர்ர்...

திரும்பிப் பார்த்தான். தூரத்து மூலையில் வெள்ளை அங்கி. சுவரோடு பிளாஸ்டிக்கை அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தது. 'வந்துட்டான் துரை' என்று நினைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்தான். ஆனால் என்னவோ உறுத்தியது. அந்த பிளாஸ்டிக் மேல் பூனை நடந்தாலும் சலசலக்கும். ராய்ஸ் உள்ளே வந்த சத்தமே கேட்கவில்லையே?

அப்போது தலைக்குப் பக்கத்திலிருந்த காற்றுத் துளை வழியாக வெளியிலிருந்து ராய்ஸின் குரல் வந்தது.

"மாப்ள, பலகை வைக்கிறேன். கையை எடு."

டெல்வினின் கை அப்படியே நின்றது.

மூலையில் தேய்க்கும் சத்தமும் நின்றது.

மெல்லத் திரும்பினான். அவன் நெற்றி விளக்கின் வெளிச்சம் அந்த மூலையைத் தொட்டது. அதன் நெற்றியில் விளக்கு இல்லை. அத்தனை நேரமும்... இருட்டில் வேலை செய்திருக்கிறது.

பலகை வந்து துளையை மூடியது. அது வழியாக வந்த வெளிச்சம் போனது.

அது நகர்ந்தது.

தவழ்ந்து கதவை நோக்கிப் போனது. வேகமாக. சத்தமே இல்லாமல்.

டெல்வின் வாயைத் திறந்தான். குரல் வரவில்லை.

கதவருகே ஒரு நொடி வெயில். அதில் வெள்ளை முதுகு. பிறகு வெளியே பேச்சு.

"முடிஞ்சுதா மாப்ள?"

"ம்ம்."

"சாத்திடவா?"

"ம்ம்."

கதவு மூடியது. திருகாணி ஒவ்வொன்றாக இறங்கியது. அவனுக்குக் குரல் திரும்பி வந்தபோது வண்டி கிளம்பிவிட்டிருந்தது. அவன் போன் அந்த வண்டியில் இருந்தது.

கதவை உதைத்தான். அசையவில்லை. அவர்களே போட்ட கதவு, நன்றாகத்தான் போட்டிருந்தார்கள். வேர்த்துக் கொட்டியது. பயத்தைவிடக் கோபம்தான் பெரிதாக இருந்தது. பேயாவது ஒன்றாவது... அந்தக் கம்பெனி ஆள் ஒருத்தனைக் கூட்டிவந்து ராய்ஸ்தான் இப்படிச் செய்துவிட்டான் என்று முடிவு கட்டினான். கூடப் பிறந்தவனைப் போல நினைத்தவன். ஒன்பது வருஷம் ஒரே டப்பாவில் சாப்பிட்டவன்.

மேலே காலடி கேட்டது. மிஸ் இனாபினெட்.

டேப் வெட்டும் கத்தியின் பிடியால் தலைக்கு மேலிருந்த தரைப்பலகையைத் தட்டினான். காலடி நேராக அவன் தலைக்கு மேல் வந்து நின்றது.

"அம்மா! நான் டெல்வின்! உள்ள மாட்டிக்கிட்டேன்!"



காலடி விலகியது. டிவியில் தேவாலயப் பாட்டு சத்தமாக எழுந்தது.

தட்டினான். கத்தினான். பாட்டு இன்னும் சத்தமானது. எவ்வளவு நேரம் அப்படிப் போனது என்று அவனுக்குத் தெரியாது. நெற்றி விளக்கு மங்கி அணைந்தது. அப்போதுதான் அவன் அழுதான். சின்னப் பிள்ளை மாதிரி, ஏங்கி ஏங்கி.

பாட்டு நின்றது.

கதவைச் சுத்தியலால் நெம்பித் திறந்தது அந்த அம்மாள்தான்.

"தம்பி... நீயா?"

"காதுல விழலையா உங்களுக்கு?"

"இருபது வருஷமா விழுது. தட்டும், பேர் சொல்லிக் கூப்பிடும், காப்பாத்துன்னு கத்தும். ஆனா ஒரு தடவைகூட அழுததில்ல. அதான் வந்தேன்."

"தெரிஞ்சேதான் எங்களை உள்ள அனுப்புனீங்களா?"

"உள்ளதைச் சொன்னா யார் வருவா? ஈரம்னு சொன்னாத்தானே வர்றாங்க. அதை உள்ள வெச்சு அடைச்சிடலாம்னு..."

"அது வெளிய போயிடுச்சு."

மிஸ் இனாபினெட் கண்ணை மூடினார். "கர்த்தருக்கு ஸ்தோத்திரம்" என்றார்.

டெல்வின் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. பெரிய சாலை வரை நடந்து, கிடைத்த வண்டியில் ஏறி வீட்டுக்குப் போனான். வாசலில் ராய்ஸும் ஜெனெலும் வேகவைத்த வேர்க்கடலையை உரித்துத் தின்றபடி உட்கார்ந்திருந்தார்கள். டெல்வின் நேராகப் போய் ராய்ஸின் முகத்தில் ஓங்கிக் குத்தினான்.

ராய்ஸ் திருப்பி அடிக்கவில்லை. மூக்கில் ரத்தம் வழிய, டெல்வினையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"மாப்ள... நீ கீழதானே இருக்க?"

"என்னது?"

ஜெனெல்தான் சொன்னாள். "அண்ணன்தானே உன்னைக் கொண்டாந்து விட்டாரு. முகமூடியக் கூடக் கழட்டாம சமையல்கட்டுல என் எதிர்ல உக்காந்த. எங்கம்மா எப்படியிருக்காங்கன்னு கேட்ட. நான் பேசினதையெல்லாம் பொறுமையாக் கேட்டுக்கிட்டே இருந்த. அப்புறம், இன்னிக்கு நம்ம வீட்டுக்கும் ஈரம் அடைச்சிடுறேன்னு கீழ இறங்குன..."



காலடியில், தரைக்கு அடியில்...

க்ர்ர்ர்...

சின்னக் கதவை இழுத்தார்கள். வரவில்லை. உள்பக்கமிருந்து டேப் ஒட்டியிருந்தது.

கடப்பாரையால் உடைத்தார்கள். உள்ளே யாரும் இல்லை. மூலைக்கு மூலை வெள்ளை விரிப்பு. ஒரு சுருக்கம் இல்லை. வெளியே போக வேறு வழியும் இல்லை.

ராய்ஸ் சார்ல்ஸ்டனுக்குப் போவதற்கு முந்தின நாள் வந்தான். உள்ளே வரவில்லை. வேலிக்கு அந்தப் பக்கமே நின்றான்.

"ஒண்ணு சொல்லணும் மாப்ள. அன்னிக்கு வண்டில வர்றப்ப அது என்கிட்ட ஒண்ணே ஒண்ணுதான் கேட்டுச்சு. உன் வீட்டுக்கு வழி. சண்டையில நீதான் நக்கல் பண்றேன்னு நெனச்சுட்டேன்."

"சொன்னியா?"

"ஒவ்வொரு திருப்பமும் சொன்னேன்."

டெல்வின் இப்போது தன் தம்பி வீட்டில் இருக்கிறான். ஜெனெல் அவனோடு வரவில்லை. உடைத்த கதவை அவளே ஆள் வைத்துச் சரிசெய்து மூடிவிட்டாள். ஏன் வரவில்லை என்று அவன் கடைசியாகக் கேட்டபோது, அவள் அவன் முகத்தைப் பார்க்காமல் சொன்னாளாம்.

"வேலை முடிஞ்சதும் மேல வரேன்னு சொல்லிட்டுத்தான் அவரு கீழ போனாரு. வரட்டும்."