கிள்ளான் மெஷினில் மூன்று பொட்டு

சனிக்கிழமை காலை எட்டேகாலுக்கு கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் ஸ்டேஷனில் கொமுட்டர் ரயில் ஏறினோம். கிள்ளான் முப்பது கிலோமீட்டர் சொச்சம். ஒரு மணி நேரத்துக்கு மேல் உருட்டினார்கள். பெட்டிக்குள் ஏசி போட்டு மனிதர்களை மீன் மாதிரி வைத்திருந்தார்கள். செல்வி அக்கா சால்வை கொண்டுவந்திருந்தாள். எனக்கும் ஒன்று எடுத்துவர அவளுக்குத் தோன்றவில்லை.

அக்கா என் பெரியப்பா மகள், அங்கேயே பிறந்தவள். பிரிக்பீல்ட்சில் சாமி படம், கல்யாணப் படம் பிரேம் போடும் கடை திறக்கப்போகிறாள். முன்பணம் கொடுத்துப் பெயர்ப்பலகையும் மாட்டிவிட்டாள். சட்டம் வெட்டும் மெஷின்தான் இல்லை. புதியது வாங்க வசதி கிடையாது. பழையதில் ஏமாந்தால் கடையைத் திறக்காமலே மூட வேண்டியதுதான். திருநெல்வேலியில் எனக்குப் பிரேம் கடை. அதனால் ஊர் பார்க்க வந்தவனை இழுத்துக்கொண்டு போனாள்.

ஒன்பதரைக்குக் கிள்ளான். ஸ்டேஷனிலிருந்து நடை தூரத்தில் பூக்கடை, சேலைக்கடை, காது கிழியும் பாட்டு. அதையெல்லாம் தாண்டி முனியாண்டி அண்ணன் கடை. அவர் தொழிலை விட்டு சுபாங் ஜெயாவில் மகள் வீட்டுக்குப் போகிறார். நடுவில் பச்சை பெயிண்ட் மின்ன மெஷின் நின்றது. புதுப் பெயிண்ட் அடித்த பழைய மெஷினை நான் நம்புவதில்லை.

"ஒரே ஓனர் பாஸ். என் காலத் தவிர வேற கால் மிதிச்சதில்ல லா."

பெடலை மிதித்தால் இரண்டு கத்திகளும் ஓர் இரும்புத் தூணில் சறுக்கி இறங்கி, சட்டத்தைச் சாய்வாக வெட்டும். அந்தத் தூண் கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும். இவரோ அதில் கிரீஸை அப்பியிருந்தார். துணி வாங்கித் துடைத்தேன். உள்ளே பட்டாணி அளவில் மூன்று துருப் பள்ளங்கள், வரிசையாக.

"இதுல சந்தனம் வச்சீங்களா?"

"ஆயுத பூசைக்கு வைக்காம? வருஷா வருஷம் வச்சேன்."

"ஈரச் சந்தனத்த வச்சுத் துடைக்காம விட்டா இரும்பு என்னத்துக்கு ஆகும்?"

"மெஷின் ஓடிட்டுத்தானே இருக்கு" என்றார். அக்காவின் முகம் செத்துவிட்டது.

பள்ளங்களின் விளிம்பு தடுக்காதபடி, அவரிடமிருந்த கத்தி தீட்டும் கல்லை வாங்கித் தேய்த்தேன். கத்திகள் ஒரே ஜோடி, ஒரே உயரம். அது நல்ல செய்தி. பையிலிருந்த தங்க நிறச் சட்டத்தை வெட்டி, இரண்டு துண்டையும் மூலையாகச் சேர்த்து ஜன்னல் பக்கம் பிடித்தேன். இடுக்கில் மயிரிழை வெளிச்சம் வந்தது, மூலை சரியாகச் சேரவில்லை. கத்திகளைத் தாங்கும் மேடையில் ஆட்டம். பக்கத்துத் திருகுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கி மறுபடி வெட்டினேன். வெளிச்சம் வரவில்லை. இன்னொரு முறையும் வரவில்லை.

"எடுத்துக்க அக்கா. ஆனா கிரீஸ் பக்கம் போகாத. மரத்தூள் அதுல ஒட்டி உப்புத்தாள் மாதிரி அறுக்கும். நாலு சொட்டு மெல்லிசான எண்ணெய், தினம் துடைக்கிறது, அவ்வளவுதான்."

"இத யாரும் எனக்குச் சொல்லல லா" என்று முனியாண்டி அண்ணன் என்னிடமே குறைபட்டுக்கொண்டார். ஆயிரத்து எண்ணூறு ரிங்கிட்டுக்கு முடிந்தது. வாழையிலைச் சாப்பாடு அவர் செலவு. நண்டு நன்றாக இருந்தது. லோரிக்கு நூற்றைம்பது.

மாலை நாலரைக்கு பிரிக்பீல்ட்சில் மெஷினை இறக்கினோம். நான் கை கழுவிவிட்டு வருவதற்குள் அக்கா சந்தனக் கிண்ணத்தோடு தூண் அருகே நின்றாள்.

"அக்கா, அதுல வச்சே, கைய ஒடிச்சிருவேன்."

நீட்டிய விரல் அப்படியே நின்றது. பிறகு திரும்பி வந்து என் நெற்றியில் அப்பினாள்.

"அப்போ இன்னிக்கு நீதான் மெஷின்."

அதன்பின் பெடலை மிதித்து இரண்டு துண்டு வெட்டினாள். சேர்த்து டியூப்லைட்டுக்கு நேரே பிடித்து வெகுநேரம் பார்த்தாள்.

"வெளிச்சம் வரல தம்பி."

மறுநாள் விமானம் ஏறினேன். ஊரில் என் மனைவியும் ஒவ்வொரு ஆயுத பூசைக்கும் கிண்ணத்தோடு மெஷின் பக்கம் வருவாள், நான் கத்துவேன், அன்று பூராவும் பேச்சு இருக்காது. என் நெற்றியைக் காட்டலாம் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.