ஒரே லாட்டில் இரண்டு

ஜோடியாக வாங்கிய நீலப் போர்வைகளில் என்னுடையது கிழிந்துவிட்டது. கணவருடையது அவர் போன பிறகு மடித்தபடியே கிடந்தது. அதை எடுத்துக்கொண்டு அதே நீலம் தேடிச் சென்னிமலைக்குப் போனேன்.

கடைக்காரர் புதுப் போர்வையோடு சேர்த்து வைத்துப் பார்த்தார். “ஒத்து வராதுங்கம்மா. ஒரு தடவ சாயம் போட்ட நூலு ஒரு லாட்டுங்க. அடுத்த லாட்டுல நீலம் மாறிப்போயிருமுங்க. பேசாம புதுசா ரெண்டு எடுத்துக்கங்க, ஒரே லாட்டுல தாரேன்.”

ஆங்கிலத்தில் லாட் என்றால் நிறைய என்றுதான் பள்ளியில் படித்திருந்தேன். திரும்பும்போது பஸ்ஸில் போனில் தேடினேன். பங்கு பிரிக்கக் குலுக்கிப் போடும் மரத்துண்டுக்குத்தான் முதலில் அந்தப் பெயராம். பிறகு விழுந்த பங்குக்கு, பிறகு சரக்குக்கு. ‘நிறைய’ என்பது வெகு காலம் கழித்து வந்து ஒட்டிக்கொண்டதாம்.

ஒட்டட்டும். என் மடியில், அவருடைய பழைய போர்வையின் மேல், ஒரே ஒரு புதுப் போர்வைதான் இருந்தது.