கடைசி வரிக்காகக் காத்திருந்த அன்வர்

பாண்டி பஜாரில் மகளுக்குப் பள்ளிச் சீருடை எடுத்துக்கொண்டிருந்தபோது அன்வரின் தம்பி ஜாகிர் போன் செய்தார். "மாலதிக்கா, அண்ணன் மவுத்தாயிட்டாரு. மாரடைப்பு. ஆஸ்பத்திரிக்குக்கூட எடுத்துகினு போக முடியல" என்றார். "காலையிலதானே என்கிட்ட சண்டை போட்டான், விளையாடாதீங்க" என்று அதட்டினேன். ஜாகிர் அழுதார். கடைக்காரர் சட்டையைப் பிரித்துக் காட்டி அளவு சரிதானா என்று கேட்டார். என்ன பதில் சொன்னேன் என்பது நினைவில்லை.

உங்களில் பலருக்கு அன்வரைத் தெரியும். அடையாறு அலுவலகத்தில் ஒரு தடவையாவது அவரோடு மல்லுக்கட்டியிருப்பீர்கள். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எந்த நிரலும் ஓடுவதற்கு அடியில் ஒரு மென்பொருள் வேண்டும். அதை ரன்டைம் என்போம். உலகெங்கும் பலர் சேர்ந்து கட்டிய ஒரு ரன்டைமில், தகவல் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்குத் தொடர்ந்து பாயும் பகுதியைப் பழுதுபார்ப்பதும் சோதிப்பதும் எங்கள் இருவருடைய வேலை. ஒருவர் திருத்தியதை மற்றவர் பார்த்து ஒப்புக்கொள்ள வேண்டும். சண்டை அங்கேதான் ஆரம்பிக்கும்.

அன்வர் எந்தத் திருத்தத்தையும் லேசில் நம்பமாட்டார். சோதனை தேறிப் பச்சை காட்டிவிட்டது என்று நான் நிமிர்ந்தால், "இன்னா மாலதி, பச்சை வந்தா போதுமா? நீ திருத்துனத எடுத்துட்டு மறுபடி ஓட்டு. அப்பவும் பச்சை வந்துச்சுன்னா உன் டெஸ்ட் தூங்கிகினு கீதுன்னு அர்த்தம்" என்பார். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் எடுத்துவிட்டு ஓட்டுவேன். பல சமயம் சோதனை தூங்கிக்கொண்டுதான் இருக்கும். அப்போது அவர் சிரிக்கமாட்டார். போய் டீ வாங்கிவந்து என் மேசையில் வைப்பார். எனக்கு அது இன்னும் எரிச்சல்.

சாந்தோமில் காது கேளாத பிள்ளைகள் படிக்கும் ஒரு பள்ளியிலிருந்து புகார் வந்தது. ஆசிரியர் பேசுவது எழுத்தாக மாறிப் பிள்ளைகளின் கணினித் திரையில் ஓடும். அந்த ஏற்பாடு எங்கள் ரன்டைமின் மேல் ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரி மட்டும் வருவதில்லை என்றார்கள். எங்கள் கணினிகளில் எல்லா வரியும் ஒழுங்காக வந்தது. வேறு யாராக இருந்தாலும் புகாரை மூடிவிட்டு அடுத்ததைப் பார்த்திருப்பார்கள். அன்வர் என்னையும் பைக்கில் ஏற்றிக்கொண்டு நேராகப் பள்ளிக்கே போனார்.

அங்கே ரோஸ்லின் டீச்சர் எங்களைப் பின் பெஞ்சுக்குக் கூட்டிப்போனார். "பாடம் முடியறப்பதான் சார் வீட்டுப்பாடம் சொல்லுவேன். இந்த வரிசைப் பிள்ளைங்க மட்டும் செய்யாமலே வருதுங்க. அலட்சியம்னு நெனச்சு நல்லாத் திட்டிட்டேன். அப்புறம் வந்து பாத்தா, அதுங்க திரையில அந்த வரியே இல்ல" என்றவருக்குக் கண் கலங்கிவிட்டது. முன் வரிசையில் இருந்தவை புதுக் கணினிகள். பின் பெஞ்சில் இருந்தவை யாரோ கழித்துக் கொடுத்த பழையவை, மெதுவானவை.

அன்வருக்கு அங்கேயே பிடிபட்டுவிட்டது. "டீச்சர், உங்க தெருவுக்குத் தண்ணி லாரி வருதுல்ல? டேங்க் காலின்னு சொல்லி லாரிக்காரன் ஓஸைச் சுருட்டிகினு போயிடறான். ஓஸுக்குள்ள இன்னும் ஒரு குடம் தண்ணி கீது. சட்டுனு குடம் வெச்சவங்களுக்கு அது கெடைக்குது, மெதுவா வர்றவங்களுக்குக் கெடைக்கல. அவ்ளோதான்" என்றார்.

"அப்ப அவங்க வர்ற வரைக்கும் லாரிய நிக்கச் சொல்லுங்க சார்" என்றார் டீச்சர்.

"அத்தத்தான் சொல்லப் போறேன்" என்றார் அன்வர்.

அனுப்பி முடித்ததும் இணைப்பை மூடிவிடாமல், கடைசி வரி போய்ச் சேரும்வரை காத்திருக்கச் சொல்லும் திருத்தம் என்னவோ சில வரிகள்தான். ஆனால் ரன்டைமைக் காப்பவர்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள்; அவர்கள் ஒப்புக்கொள்ளாமல் எதுவும் உள்ளே போகாது. பழைய கணினிகளுக்காக மற்றவர்களின் வேகத்தைக் குறைக்க வேண்டுமா என்று கேட்டார்கள். அன்வர் ஒவ்வொருவருக்கும் பொறுமையாகப் பதில் எழுதினார். கொஞ்சம் கோபமாகத்தான் எழுதேன் என்று கடைசிக் காலையில் நான் கத்தினேன். "கோபமா எழுதுனா என் மூஞ்சியத்தான் பாப்பாங்க, நான் திருத்துனதப் பாக்க மாட்டாங்க" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அது.

மயிலாப்பூரில் அவர் வீட்டு வாசலிலிருந்து ஆண்கள் அவர் உடலை வைத்த சந்தூக்கைத் தோளில் சுமந்து போனார்கள். பெண்களோடு நானும் படியில் நின்றேன். ரோஸ்லின் டீச்சரும் வந்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டாரே தவிர, திருத்தம் என்ன ஆயிற்று என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

பிறகு ஒரு நாள் ரன்டைமைக் காப்பவர்களிடமிருந்து பதில் வந்தது. அனுதாபம் தெரிவித்திருந்தார்கள். திருத்தத்தை ஏற்கிறோம், அதோடு உள்ள சோதனையை மட்டும் மாற்றுங்கள் என்றும் கேட்டிருந்தார்கள். மெதுவான கணினியைப் போல நடிப்பதற்காக அன்வரின் சோதனை நிஜமாகவே ஓரிரு நொடி காத்திருக்கும். அதற்குப் பதில், காத்திருந்ததாகப் பாவனை செய்யும் பொய்க் கடிகாரத்தை வைத்தால் நேரம் மிச்சமாகும் என்றார்கள். நியாயமாகத்தான் பட்டது. நானும் களைத்திருந்தேன். மாற்றினேன். கண் மூடித் திறப்பதற்குள் பச்சை வந்தது.

அனுப்பப் போகும்போது மனம் கேட்கவில்லை. அன்வரின் திருத்தத்தை எடுத்துவிட்டு மறுபடி ஓட்டினேன். அப்போதும் பச்சை. பழுது அப்படியே இருக்கிறது, சோதனை எல்லாம் சரி என்கிறது. நாளைக்கு யாராவது தெரியாமல் அந்தத் திருத்தத்தைக் கலைத்தாலும் ஈ காக்கைக்குக்கூடத் தெரியாது. பின் பெஞ்சுப் பிள்ளைகள் மறுபடி திட்டு வாங்குவார்கள். அலுவலகம் என்றும் பாராமல் அழுதேன். பிறகு காத்திருப்பைப் பழையபடியே வைத்து, திருத்தம் இல்லாமல் ஓட்டினேன்; சிவப்பு வந்தது. இரண்டு முடிவுகளையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி அனுப்பினேன். கோபமாக ஒரு சொல்லும் எழுதவில்லை. ஏற்றுக்கொண்டார்கள்.

புதிய பதிப்பைப் பள்ளியில் போட்ட வாரம் ரோஸ்லின் டீச்சர் பேசினார். "எல்லாரும் செஞ்சுட்டு வந்துட்டாங்க மேடம், ஒருத்தனத் தவிர. அவன மனசாரத் திட்டினேன்" என்றார்.

அன்வரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது அந்த ஓரிரு நொடியைத்தான். எந்த ஊரில் யார் ரன்டைமில் எதை மாற்றினாலும் அத்தனை சோதனைகளும் ஓடியாக வேண்டும். மளமளவென்று ஓடிவரும் வரிசை அன்வரின் சோதனைக்கு வந்ததும் நிற்கும். அவரைப் பார்த்திராதவர்கள், அவர் பெயர்கூட அறியாதவர்கள், திரையைப் பார்த்தபடி சும்மா உட்கார்ந்திருப்பார்கள், எல்லோரிலும் மெதுவாக வாசிப்பவர் கடைசி வரியை வாசித்து முடிக்கும்வரை.