மீசைக்குள் நடந்த பாடம்

கணக்கு வாத்தியாருக்கு மீசை என்றால் உயிர். மேலுதட்டை மூடி, கீழுதட்டையும் எட்டிப் பார்க்கும் மீசை. அதில் இன்னொரு வசதியும் இருந்தது: பிடிக்காதவர்களை உள்ளேயே முணுமுணுத்துத் திட்டிக்கொள்ளலாம். தலைமையாசிரியை வருஷக்கணக்காக அப்படித் திட்டு வாங்குகிறார். பாவம், அவருக்கே தெரியாது.

அப்பேர்ப்பட்ட மனுஷனின் தூக்கத்தைக் கெடுத்தாள், முதல் பெஞ்சுப் பெண். அவளுக்குக் காது சரியாகக் கேட்காது. கருவி மாட்டியும் வெறும் இரைச்சல்தான் விழும். ஆனாலும் மற்றப் பாடங்களில் வெளுத்துக் கட்டுவாள்; கணக்கில் மட்டும் முட்டை.

“இப்படியே போனா வெளியூர்ப் பள்ளிக்குத்தான் அனுப்பணும் சார். விடுதியில தங்கிப் படிக்கட்டும். நீங்களே முடிவு சொல்லுங்க,” என்றார் தலைமையாசிரியை. அம்மாவை விட்டுப் போகமாட்டேன் என்று அந்தப் பெண் அழுததைப் பள்ளிக்கூடமே பார்த்தது.

வாத்தியாருக்கு மண்டை குடைந்தது. சரித்திரம் புரிகிறது, விஞ்ஞானம் புரிகிறது, என் கணக்கு மட்டும் என்ன பாவம் செய்தது? தொண்டை கிழியக் கத்தி நடத்திப் பார்த்தார். பக்கத்து வகுப்புக்குத்தான் நன்றாகப் புரிந்தது.

கடைசியில் சரித்திர டீச்சரின் வகுப்பில் ஜன்னலோரம் போய் உட்கார்ந்தார். அந்தப் பெண்ணின் கண் டீச்சரின் வாயை விட்டு அசையவில்லை. டீச்சர் பலகைப் பக்கம் திரும்பினால் பேனாவை வைத்துவிடுகிறாள். முகம் தெரிந்ததும் மறுபடி எழுதுகிறாள்.

“உதட்டைப் பார்த்துதான் சார் புரிஞ்சுக்கிறா. உங்களுக்குத் தெரியாதா?” என்றாள் டீச்சர்.

வீட்டுக் கண்ணாடி முன் நின்று பாடம் நடத்திப் பார்த்தார். மீசை ஆடியது, வாய் இருப்பதாகவே தெரியவில்லை. தலையில் அடித்துக்கொண்டு கத்தரிக்கோல் கேட்டார்.

“நான் எத்தனை தடவை கெஞ்சியிருப்பேன், அப்ப எடுக்கல. இப்ப யாருக்காம்?” என்றாள் மனைவி.

“முதல் பெஞ்சுக்கு.”

மறுநாள் வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. வாத்தியாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. முதல் பெஞ்சு மட்டும் சிரிக்காமல் அவர் வாயையே பார்த்தது. பாதிப் பாடத்தில் அவள் கை உயர்ந்தது. “சார், அந்த ரெண்டு எங்கேருந்து வந்துச்சு?” கணக்கு வகுப்பில் அவள் கேட்ட முதல் கேள்வி அது. பதில் சொன்னார். அடுத்த கணக்கை அவளே பலகையில் பிசகில்லாமல் போட்டுவிட்டாள்.

அந்த நேரம் பார்த்துத் தலைமையாசிரியை வாசலில் வந்து நின்றார். “என்ன சார், இந்தப் பொண்ணை எப்ப அனுப்பலாம்?”

வாத்தியார் பழக்கதோஷத்தில் வாய்க்குள்ளேயே முணுமுணுத்தார்: “அனுப்பறதாவது. இவ எங்கயும் போகமாட்டா.”

“என்ன சொன்னீங்க?” என்றார் தலைமையாசிரியை. அவர் காதில் விழவில்லை. வகுப்பில் ஒருவர் காதிலும் விழவில்லை. பலகை முன் நின்றவள் மட்டும், கையில் சாக்பீஸோடு, அழுதுகொண்டே சிரித்தாள்.