சுழி விழுந்த பேனா

மரப்பேனா கடைகிற அந்தப் பட்டறைக்காரருக்கு அக்கம்பக்கத்தார் வைத்த பெயர் ரெட்டைச்சுழி. உச்சந்தலையில் இரண்டு சுழி இருப்பது ஒரு காரணம். சுழி விழுந்த மரத்தைக் கண்டால் சோறு தண்ணீர் மறந்து நின்றுவிடுவார் என்பது இன்னொன்று. நேர்கோடாய் ரேகை ஓடும் மரத்தில் பேனா கேட்டு வந்தவரை, "அதுக்கு பிளாஸ்டிக் பேனாவே வாங்கிக்கலாமே" என்று திருப்பி அனுப்பிய மகராசன்.

போன கோடையில் அவர் மனைவியின் வலது கை நடுங்க ஆரம்பித்தது. நடுக்கம் கூடிக்கொண்டுதான் போகும் என்று டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார். வீடு திரும்பியதும் அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"தடியா ஒரு பேனா கடைஞ்சு குடுங்க. மெலிசா இருந்தா பிடி நிக்க மாட்டேங்குது. அக்காவுக்கு லெட்டர் எழுதணும்."

அக்காவும் தங்கையும் பேசி ஒன்பது வருஷம். அம்மாவின் கடைசி நாட்களில் யார் கூட இருந்தது என்பதில் வெடித்த சண்டை. போன் செய்தால் அக்கா எடுப்பதில்லை.

"என் கையெழுத்தப் பாத்தா கிழிச்சுப் போட அவளுக்கு மனசு வராதுங்க. சின்ன வயசுல கையப் பிடிச்சு எழுதப் பழக்குனதே அவதான்."

மூலையில் கிடந்த எந்தக் கட்டையை எடுத்திருந்தாலும் ஒரு நாள் வேலை. ரெட்டைச்சுழிக்கு மனம் ஒப்பவில்லை. ஊருக்கெல்லாம் விதவிதமாகக் கடைந்துவிட்டு, கட்டியவளுக்குக் கழித்துப் போட்ட கட்டையா? சாலையை அகலப்படுத்த வெட்டிய கிழட்டு மரத்தின் முண்டு ஒன்று அவரிடம் இருந்தது. அறுத்துப் பார்த்தால் உள்ளே சுழிக்குள் சுழி. ஆனால் ஈரம். ஈர மரத்தில் கடைந்தால் பேனா பிளந்துவிடும். வாரம் ஒரு முறை தராசில் வைத்து, எடையைக் கட்டையின் மேலேயே பென்சிலால் எழுதி வந்தார். எடை இறங்குவது நின்றால்தான் உளி வைக்கலாம்.

"இன்னும் ஆகலையா?"

"இந்த வாரமும் எட்டு கிராம் இறங்கியிருக்கு."

"எந்த மரமா இருந்தா என்னங்க?"

"உனக்குன்னு செய்றேன். செத்த பொறு."

அவள் பொறுத்தாள். தண்ணீர் டம்ளரை இரண்டு கையாலும் பிடிக்கத் தொடங்கினாள். பிறகு பொத்தான் மாட்ட அவரைக் கூப்பிட்டாள். அவரும் மாட்டிவிட்டு, நேராகத் தராசுக்குப் போனார்.

ஏழாவது மாதம் எடை நின்றது. தடிமனாக, பெருவிரலுக்குப் பள்ளம் வைத்துக் கடைந்தார். குறை சொல்ல ஒன்றுமில்லை. அவள் வாங்கிப் பிடித்தாள், பிடி நின்றது. நிப் தாளைத் தொட்டதும் கை துள்ளியது. முதல் எழுத்தே வரவில்லை. நான்கு தாள்கள் கிழிந்தன. ஐந்தாவதை அவள் எடுக்கவில்லை.

"பேனா ரொம்ப நல்லாயிருக்குங்க" என்றாள்.

அவர் உடைந்து அழுதார். "அன்னைக்கே ஏதோ ஒரு கட்டையில செஞ்சு குடுத்திருக்கணும். நான் ஒரு பாவி."

"அழுது என்ன ஆகப்போகுது? நான் சொல்றேன், நீங்க எழுதுங்க."

அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேனாவை எடுத்தார்.

"அக்காவுக்கு. இது அவர் எழுத்து. உனக்கு எழுதணும்னு நான் நினைச்சப்பவே என் கை போயிடுச்சு."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "அது பொய்யாச்சே. ஏழு மாசமா நீ..."

"அப்படியே எழுதுங்க. அவளுக்கு ஏற்கெனவே உங்களப் பிடிக்காது."

அந்த வரியை எழுதி முடிக்க அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.